முப்பத்தொன்றாம் இடம்

பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலைக் கணினியில் பூட்டக் கடைசி நாள். மாலை ஐந்து மணி தாண்டிவிட்டால் பிரம்மாவே வந்தாலும் ஒரு வரியை மாற்ற முடியாது.

கோவில்பட்டிக்குத் தெற்கே ஓர் அரசுப் பள்ளியின் கணினி அறை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்க அங்கே வழிகாட்டுபவர் தெய்வானை டீச்சர். அவரிடம் அந்த வித்தையைக் கற்க வந்தவர் இன்பராஜ், லாரி புரோக்கர். ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சொந்த மகனை ஏதோ ஒரு கல்லூரியில் தள்ள, அவன் இரண்டாம் வருஷமே பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். இன்னொரு பிள்ளைக்கு அந்த கதி வரக் கூடாது என்றுதான் இங்கே வந்து சேர்ந்தார்.

இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த இசக்கியம்மாளின் பட்டியல் இன்பராஜ் போட்டது. நாற்பத்திரண்டு இடங்கள். மூன்று வருஷக் கட்-ஆஃபை அலசி, கிடைக்கக்கூடியதை மேலேயும் கிடைக்காததைக் கீழேயும் அடுக்கியிருந்தார்.

"ஒரு ஓட்டை இருக்காது டீச்சர். பாத்துக்கிடுங்க."

டீச்சர் தாளை வாங்கி, பார்க்காமலே இசக்கியிடம் கொடுத்தார்.

"காலேஜ் பேரு வேண்டாம். கோடு நம்பரை மட்டும் வாசிம்மா."

ஒவ்வொரு கல்லூரிக்கும் கலந்தாய்வில் நாலு இலக்க எண் ஒன்று உண்டு. மணி அப்போதே நாலேகால். இன்பராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரேஷன் கடையில கார்டு நம்பர் கூப்பிடுத மாதிரி இது எதுக்கு டீச்சர்? நேரம் ஓடுது."

"ஓடட்டும். நீங்க பிள்ளையைப் பாருங்க."

இசக்கி விரல் வைத்து, ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாள். நாற்பத்திரண்டும் முடிந்தது.

"பாத்தீங்களா?" என்று டீச்சர் இன்பராஜிடம் கேட்டார்.

"என்னத்த?"

"இன்னொரு தடவை வாசிம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்பராஜ் அவளையே பார்த்தார். பத்து. இருபது. முப்பது. அடுத்த எண்ணைச் சொன்னபோது இசக்கியின் கண் தாளில் இல்லை. விரல் இன்னும் முந்தின வரியிலேயே கிடந்தது. அம்மா பெயரைச் சொல்வதுபோல நாலு இலக்கமும் தன்பாட்டில் வந்து விழுந்தன. அதன் பிறகுதான் விரல் ஓடிவந்து சேர்ந்தது.

இன்பராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று வாரமாக அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார், நூறு கேள்வி கேட்டிருக்கிறார். "உங்க இஷ்டம் அண்ணாச்சி" என்பதைத் தாண்டி அவள் வாய் திறந்ததில்லை.

"அது எந்தக் காலேஜ்மா?" என்றார் டீச்சர்.

"மெட்ராஸ்ல இருக்கு டீச்சர். பூமிக்குள்ள தண்ணி எங்க ஓடுதுன்னு கண்டுபிடிக்கிற படிப்பு. எங்கப்பா போர்வெல் போடுத வண்டியில வேலை பாக்காங்க. தண்ணி வராத குழிக்கெல்லாம் ஏச்சு வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க."

"முப்பத்தொண்ணாவதா யார் வச்சது?"

இசக்கி இன்பராஜைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றார் இன்பராஜ். "போன வருஷக் கட்-ஆஃபுக்கு இவளுக்கு ரெண்டு மார்க் கம்மி. கிடைக்காததை மேல வச்சு என்ன செய்ய?"

"மேல வச்சு, கிடைக்கலேன்னா?"

"கம்ப்யூட்டர் அடுத்ததைப் பாக்கும்."

"அடுத்தது எது?"

"இப்ப நான் முதல்ல வச்சிருக்கது."

"கீழேயே கிடந்தா?"

"மேல உள்ளதுல ஒண்ணு கிடைச்சிரும். அதுவரைக்கும் போகவே..."

இன்பராஜ் நிறுத்தினார். இந்த வருஷம் கட்-ஆஃப் இறங்கினாலும், கீழே கிடக்கிற அந்த இடம் இவளுக்கு வராது. தன் கையாலேயே அந்தக் கதவை அடைத்திருக்கிறார்.

அவர் கணினிமுன் உட்கார்ந்து முப்பத்தொன்றை முதலில் ஏற்றினார். நாலு ஐம்பதுக்கு இசக்கியே பட்டியலைப் பூட்டினாள். போகும்போது வாசல்படியில் கால் தடுக்கி, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்பராஜுக்கு மறுபடி சூடேறியது.

"மேல வச்சதுல நட்டமில்ல, சரி. இவ்வளவு ஆசையோட போகுதே டீச்சர், கிடைக்கலேன்னா அழுமே. அதுக்கு யார் பொறுப்பு?"

டீச்சர் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார்.

"அழும். ரெண்டு நாள் அழும்" என்றார். "அந்த இடத்தைக் கேக்காமலே விட்டிருந்தா, எப்ப அழுது முடிக்கும்?"