குழாய்க்கு எதுக்குக் கம்பளி?

நாமக்கல் லாரி முதலாளி நல்லுசாமிக்கு எல்லாம் தெரியும். தனக்கு எது தெரியாது என்பது மட்டும்தான் தெரியாது.

புது லாரிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி உண்டு. குழாய் நன்றாகச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். சூடு போகாமலிருக்கக் குழாயைச் சுற்றித் தடித்த உறை போட்டிருந்தது.

"குழாய்க்கு எதுக்குய்யா கம்பளி? குளிர் ஜுரமா?" என்று முதலாளி எல்லா வண்டியிலும் உறையை உரித்து எறியச் சொன்னார். ஒரே மாதத்தில் ஆறு வண்டிகள் கரி அடைத்து நின்றுவிட்டன.

ஃபிட்டர் பீர்முகமதுவைக் கூப்பிட்டு, "இன்னிக்கே கரி எரியோணும். ஆனா கம்பளியும் போடக் கூடாது, குழாயும் சுடக் கூடாது. முடியாட்டி வேலையை விட்டு நின்னுக்க" என்றார்.

"ஆகட்டுங்க மொதலாளி."

அன்று ஷெட்டில் விருந்து. முதலாளியே பெருமையாகப் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார். பீர்முகமது நேரே போய், மூடிமேல் இருந்த நெருப்பைத் தள்ளி, சட்டி வாயில் ஒட்டியிருந்த மாவை உரித்து, மூடியைத் திறந்து, விசிற ஆரம்பித்தான்.

"அடப்பாவி! சூடு போயிட்டா அரிசி எப்படிடா வேகும்?" என்று முதலாளி அலறிய அலறல் எல்லா டிரைவர்களுக்கும் கேட்டது.

"சட்டிக்கு எதுக்குங்க மொதலாளி கம்பளி? குளிர் ஜுரமா?"

டிரைவர்கள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி சட்டியை மூடிவிட்டு, குப்பைமேட்டில் கிடந்த உறைகளைப் பொறுக்க அவரே போனார்.