சத்தம் போடாத டயர்

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்தாறு.

சீடர் சென்னியப்பன், வெட் கிரைண்டர் கம்பெனி முதலாளி. நூறு பேரை வேலை வாங்கிப் பழகியவர், யார் முன்னாலும் கைகட்டி நின்று பழகாதவர். குரு தில்ஷாத், கோட்டைமேட்டுப் பெண். பத்து வருடம் பந்தயக் கார் ஓட்டிவிட்டு, இப்போது பிறருக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவரை இவர் டீச்சர் என்பார். இவரை அவர் அண்ணா என்பார்.

கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். கடைக்கும் கோயிலுக்கும் போகிற காரையே கொண்டுவந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆசை தீர விரட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்பலாம். ஒரே ஒரு நிபந்தனை. கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்திருக்க வேண்டும். இனி தனியாகப் போகலாம் என்று டீச்சர் வாயால் சொல்கிற வரைக்கும் அந்த இடது பக்க சீட் டீச்சருடையது.

சென்னியப்பன் அந்த வார்த்தைக்காக ஒரு வருடமாகக் காத்திருந்தார். வரவில்லை.

தில்ஷாத்தின் பாடமும் ஒரு தினுசு. வேகத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்வார். வளைவில் டயர் போடும் சத்தத்தைக் கேட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டயர் லேசாக இழுபட்டால் அது முனகல். இன்னும் கொஞ்சம் போனால் ஒரே சுருதியில் பாட்டு. அதையும் தாண்டினால் அலறல். அலற விடாமல், அந்தப் பாட்டு அளவிலேயே வண்டியை வைத்து வளைவைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"முனகல்… முனகல்… பாட்டு… ஐயோ, அலறல்…"

நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர் இப்படிக் கத்திக்கொண்டு சுற்றினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? டாக்டர் ஜெயபிரகாஷ் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர். அதே மாடல் கார், அதே நிறம். இரண்டே மாதத்தில் வேறொரு டீச்சர் அவரைத் தனியாக விட்டுவிட்டார்.

"மாப்ள, உன்ற வண்டிக்குப் பிரசவ வலியாட்ட இருக்குது" என்றார் டாக்டர், ஊரே கேட்கிற மாதிரி. "என்ற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. பாத்து வெக்கறேன்."

டாக்டரின் வண்டியில் சத்தம் வராது. ரப்பர் மெத்தென்று இருக்கிற, பிடிப்பு கூடிய டயர் போட்டிருந்தார். வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போகும்.

சென்னியப்பன் நேராகத் தில்ஷாத்திடம் போனார்.

"ஏனுங்க டீச்சர், நான் எப்பத்தான் அந்த டயரைப் போடறது?"

"இந்த டயரைக் கேட்டு முடிச்சப்புறம் போடுங்கண்ணா."

"ஒரு வருசமாக் கேட்டுட்டுத்தான இருக்கறேன். இன்னும் என்னத்தைச் சொல்லப்போகுது அது?"

"அதை அதுகிட்டத்தான் கேக்கணும்."

இதற்கு என்ன அர்த்தம்? சென்னியப்பனுக்குக் காது சூடானது. கம்பெனியில் எவனாவது இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார். தன்னை வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறார், வயசான ஆள் என்று இளப்பமாக நினைக்கிறார் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டு போனார்.

மறுநாளே டயர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்து வைத்தார். ஒன்று பிடிப்பு கூடியது. மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள ஆழமான கோடுகளும் உண்டு. இன்னொன்று அதைவிடவும் மென்மை. கோடுகள் பேருக்குத்தான்.

"இது ரோட்டுல ஓட்டலாமுங்களா?"

"சட்டப்படி ஓட்டலாமுங்க. முத்திரை இருக்குது பாருங்க. யாரு நிறுத்திக் கேட்டாலும் காட்டலாம். ஆனா சீக்கிரம் தேஞ்சிரும். சூடு ஏறுனாத்தான் பிடிக்கும். மழையில பாத்துப் போகோணும். அம்மணியக் கூட்டிட்டு வெளியூர் போறதுன்னா முதல் ரகமே உங்களுக்குப் போதுமுங்க."

போதும் என்ற வார்த்தைதான் அவரைக் கெடுத்தது. ஆளாளுக்கு அவருக்கு எது போதும் என்று முடிவு செய்கிறார்கள்.

"ஜெயபிரகாஷ் டாக்டர் எதைப் போட்டிருக்காரு?"

"முதல் ரகமுங்க."

"எனக்கு ரெண்டாவதைப் போடுங்க."

அடுத்த மாதத்து ஞாயிறு தடத்துக்கு வந்தபோது பெரிய சண்டைக்குத் தயாராக வந்தார். டீச்சர் என்ன சொல்வார், அதற்கு என்ன திருப்பிச் சொல்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தார். சட்டமே ஒத்துக்கிட்டாச்சு, நீங்க யாரு என்பதுவரை வைத்திருந்தார்.

தில்ஷாத் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல டயர்ணா" என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். சண்டை போடக்கூட ஆள் கிடைக்கவில்லை. அது சென்னியப்பனை இன்னும் கொதிக்க வைத்தது.

முதல் இரண்டு சுற்று டயர் சூடாவதற்கு. மூன்றாவது சுற்றில் வண்டி வேறு வண்டியாகிவிட்டது. முன்பெல்லாம் கதறுகிற வளைவில் தண்டவாளத்தில் போவது போல் போனது. கழுத்துத்தான் ஒரு பக்கமாக இழுத்தது.

"சத்தம் சொல்லுங்கண்ணா" என்றார் தில்ஷாத்.

"சத்தமே இல்லீங்க டீச்சர்."

அடுத்த வளைவு.

"இப்ப?"

"அதான் சொன்னனே. இதுல சத்தமே கிடையாது."

நேர்பாதையில் டாக்டரின் வண்டி முன்னால் தெரிந்தது. டாக்டர் கையை வெளியே நீட்டி வழி விட்டார். விட வேண்டியதாயிற்று. சென்னியப்பன் அவரைத் தாண்டிப் போனபோது திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வருட அவமானத்தை ஒரே நொடியில் துடைத்துப் போட்டது போலிருந்தது.

வண்டியை நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் நேரம் பார்க்கிற பலகையைக் காட்டினார். போன மாதத்தைவிட நாலைந்து விநாடி குறைவு.

"இன்னும் என்ன பாக்கி டீச்சர்? இறங்குங்க. தனியாப் போறேன்."

தில்ஷாத் இறங்கவில்லை.

"இன்னொரு தடவை போலாம்ணா."

"எதுக்கு?"

"சும்மா. நானும் ரசிக்கறேன்."

சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை முன்னைவிட வேகமாக ஓட்டினார். டீச்சரின் வாயை மூட வைக்கிற வேகம். ஆனால் டீச்சர் வாயையே திறக்கவில்லை.

பின்பக்க நேர்பாதை முடிகிற இடத்தில் ஒரு நீண்ட வலது வளைவு. உள்ளே நுழைந்தார். பாதி தாண்டியது. அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் தடம் இல்லை. வேலி வந்தது, வானம் வந்தது, வந்த வழி வந்தது, மறுபடி வேலி வந்தது. வண்டி புல்லைச் சீய்த்துக்கொண்டு போய்ச் சேற்றில் பின்பக்கமாக இறங்கி நின்றது. எஞ்சின் அணைந்தது.

தூரத்தில் ஒருவர் மஞ்சள் கொடி ஆட்டினார்.

"அடி ஏதாவது பட்டுச்சாண்ணா?"

"இல்லீங்க."

"எனக்கும் இல்லை."

டிராக்டர் வந்து இழுத்துப் போட்டது. மேற்பார்வை செய்கிறவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் உடையவில்லை, டயரைச் சுத்தம் செய்தால் கடைசி ரவுண்டுக்குப் போகலாம் என்றார்கள். சூடான ரப்பர் வழியில் கிடந்த சிறுகல், மண், புல், பழைய டயர்களின் துணுக்கு எல்லாவற்றையும் வாரி அப்பிக்கொண்டிருந்தது. தில்ஷாத் இரண்டு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சென்னியப்பனும் உட்கார்ந்தார். இருவரும் கல்லை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள்.

டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் நிஜமான பயம் இருந்தது. ஆள் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"என்ன மாப்ள, சத்தமில்லாமயே பிரசவம் ஆயிருச்சாட்ட."

"போடா அந்தப் பக்கம்."

டாக்டர் போனார். சென்னியப்பன் ஆரம்பித்தார்.

"மோசடி டீச்சர் இது. அப்பட்டமான மோசடி. பழைய டயரு கத்தியாவது காட்டிக்குடுக்கும். இது பாருங்க, சொல்லாமக் கொள்ளாம விட்டுருச்சு."

"ம். அப்புறம்?"

"அந்தக் கடைக்காரனச் சும்மா விடப்போறதில்லை. சட்டப்படி ஓட்டலாமுன்னு முத்திரையைக் காட்டறான். இப்படி நட்டநடு வளைவுல கைவிடும்னு சொன்னானா? இதுக்கெல்லாம் அனுமதி குடுத்தவன் எவன்?"

"அப்புறம்?"

"தடம் மட்டும் ஒழுங்கா? அந்த வளைவுல ஒரு மேடு இருக்குது. எத்தனை தடவை சொல்லியாச்சு."

"அப்புறம்ணா?"

"நீங்களும்தான்!" என்றார் சென்னியப்பன். "பக்கத்துல உக்காந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலை. வேகம் அதிகம்னு சொல்லியிருக்கலாம்ல? உங்களுக்கென்ன, நான் விழறதைப் பாக்கோணும்னு ஆசை."

தில்ஷாத் ஒரு கல்லை எடுத்துத் தூர எறிந்தார்.

"அப்புறம்?"

அப்புறம் குற்றம் சொல்ல யாரும் மிச்சமில்லை. சென்னியப்பன் கொஞ்ச நேரம் கல்லை மட்டும் நெம்பினார். ரப்பர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்தால் பிசுபிசுவென்று கூடவே வந்தது.

"காலை எடுத்துட்டேன்" என்றார்.

தில்ஷாத் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வளைவு நடுவுல. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து. ஒரேயடியா எடுத்துட்டேன். பின்பக்கம் வீசிருச்சு."

"ஏன் எடுத்தீங்க?"

"பயந்துட்டனுங்க."

"எதைப் பாத்து?"

"பாக்கலை. ஸ்டீரிங்கு லேசாச்சு. இறுக்கிப் பிடிச்சிருந்த கயித்தை அந்தப் பக்கம் யாரோ விட்டுட்ட மாதிரி."

"எப்ப?"

"சுத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடி." யோசித்தார். "இல்லீங்க. உள்ள நுழையறப்பவே."

"அதுக்கு முந்தின சுத்துல?"

சென்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தார்.

"அப்பவும்தான்."

"காலையில? டாக்டரைத் தாண்டறதுக்கு முன்னாடி?"

"காலையிலயும் லேசா… ஆமாங்க. இருந்துச்சு."

"சத்தம் சொல்லுங்கன்னு கேட்டேனேண்ணா."

"சத்தமே கிடையாதுன்னு சொல்லிப்போட்டேன். ரெண்டு தடவை சொல்லிப்போட்டேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு, கையில ஏதோ தட்டுப்படுதுங்கன்னு உங்ககிட்டச் சொல்றது?"

தில்ஷாத் கடைசிக் கல்லையும் எடுத்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார். நாலு டயருக்கும் காற்று பார்த்தார். சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தார். கடைசி ரவுண்டுக்கு வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கியிருந்தன.

"போங்கண்ணா. ரெண்டு சுத்து மெதுவாப் போயி சூடு ஏத்துங்க."

சென்னியப்பன் ஏறி பெல்ட்டை மாட்டினார். வலது கையால் சாவியைத் திருகிவிட்டு இடது பக்கம் பார்த்தார். சீட்டில் ஆள் இல்லை. தில்ஷாத் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, காலியாகக் கிடந்த பெல்ட் ஆடாமல் இருக்க அதை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏறலீங்களா?"

"தனியாப் போங்கண்ணா."

அவர் ஒரு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. ரோஷம்தான் வந்தது.

"இதென்ன கூத்து? டயர மாத்தட்டுங்களா முதல்ல? பழசு வீட்டுலதான் கிடக்குது. கடைக்காரன் சொன்ன அந்த இன்னொரு ரகத்தையே போட்டுக்கறேன்."

"வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு மழையில போறதுக்கு அதைப் போடுங்க. இப்ப இதுலயே போங்க."

"டீச்சர், எனக்கு ஒரு ஞாயம் சொல்லுங்க. காலையில அவனைத் தாண்டிட்டு வந்து, இறங்குங்கன்னு கேட்டேன். நீங்க இறங்கலை. இப்பச் சேத்துல கொண்டுபோய்ப் புதைச்சுட்டு, டிராக்டர்ல இழுபட்டு வந்து நிக்கறேன். இப்ப இறங்கறீங்க. இது எந்த ஊரு ஞாயம்?"

தில்ஷாத் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்குக் குனிந்தார்.

"காலையில நான் இறங்கியிருந்தாலும் நீங்க தனியாப் போயிருக்க மாட்டீங்கண்ணா. டாக்டர் உள்ள உக்காந்திருந்தாரு. கடைக்காரர் உக்காந்திருந்தாரு. எனக்கே ஒண்டிக்கிட்டுத்தான் இடம் கிடைச்சுது."