பச்சை மாறாத திரை

"எங்க டெஸ்ட் ஒண்ணுகூட ஃபெயில் ஆறதில்ல, மேடம். அப்புறம் எப்படி ஆஸ்பத்திரியிலேருந்து புகார் மேல புகாரா வருது?"

வந்தவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே அதியமான் இதைக் கேட்டுவிட்டார். குழந்தையின் எடையைப் பார்த்து மருந்தின் அளவைச் சொல்லும் மென்பொருள் அவருடைய குழுவின் வேலை. புதுப் பதிப்பு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வந்திருந்த நஸ்ரீன் அவரைவிட வயதில் இளையவர். மென்பொருளைச் சோதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேச்சு. ஆனால் அவரை ஒரு வார்த்தை பேச வைப்பதற்குள் எதிரில் இருப்பவருக்கு மூச்சு வாங்கிவிடும்.

"டெஸ்டையெல்லாம் ரன் பண்ணிக் காட்டுங்க," என்றார்.

அதியமான் காட்டினார். திரை முழுக்கப் பச்சை. எல்லாம் பாஸ். அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் அதியமானுக்கு நாலு ஏக்கர் நஞ்சை வாங்கிப் போட்டவரின் பெருமை.

நஸ்ரீன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். மென்பொருளில் மருந்தைக் கணக்கிடும் வரியிலிருந்து குழந்தையின் எடையைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ மேடம்! கைக்குழந்தைக்கும் ஸ்கூல் போற பையனுக்கும் ஒரே டோஸ் வருமே!"

"ரன் பண்ணுங்க."

பச்சை.

பெருக்கலைக் கூட்டலாக்கினார்.

பச்சை.

கணக்கையே மொத்தமாக அழித்தார். இனி எந்தக் குழந்தைக்கும் மருந்து பூஜ்யம்.

பச்சை.

அதியமானுக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. இத்தனை நாள் தினமும் கும்பிட்ட சன்னிதியில் சாமியே இல்லை என்று யாரோ கதவைத் திறந்து காட்டியதுபோல் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இந்த டெஸ்டுங்க எதையுமே பாக்கலையே! பசங்க ஏன் இப்படி எழுதி வச்சிருக்காங்க?"

நஸ்ரீன் எழுந்துபோய், சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் மாலையைக் கழற்றினார்.

"இது எதுக்கு?"

அதியமான் நெளிந்தார். "சும்மா ஒரு ஜாலிக்கு. யாரோட டெஸ்ட் ஃபெயில் ஆகுதோ, அவங்க கழுத்துல போட்டு, 'இன்றைய மாப்பிள்ளை'ன்னு போட்டோ எடுத்து குரூப்ல போடுவோம். நான்தான் ஆரம்பிச்சேன்."

"கடைசியா யாருக்குப் போட்டீங்க?"

"பூங்குழலிக்கு. போன வருஷம். பாவம், அழுதுட்டா. அதுக்கப்புறம் ஒருத்தரோட டெஸ்டும் ஃபெயில் ஆகல…"

அவர் பார்வை திரும்பவும் அந்தப் பச்சைத் திரைக்குப் போனது.

நஸ்ரீன் மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

ஹாலில் குழுவினர் எல்லோரும் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதை இங்கேதான் வைத்திருந்தார்கள். அதியமான் மாலையைக் குப்பைக்கூடையில் போட்டார். போனை எடுத்தார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"டாக்டர், நாளைக்கு நாங்க தர்றதா இல்ல. கணக்கு சரியா தப்பான்னு எங்களுக்கே தெரியல. இப்ப அங்க ஓடறதையும் நம்பாதீங்க, கையால ஒரு தடவை போட்டுப் பாத்துக்குங்க… இல்ல டாக்டர், பசங்க மேல தப்பில்ல. தப்பு என்னோடது."

போனை வைத்தார்.

கடைசி வரிசையில் பூங்குழலி எழுந்து நின்றாள்.

"சார், மூணு கிலோவுக்குக் கீழ இருந்தா நான் எழுதின கோட் ரெண்டு மடங்கு மருந்து சொல்லுது. எனக்கு… முன்னாடியே தெரியும் சார்."

அதியமான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"காட்டும்மா."

ஹாலின் இன்னொரு மூலையில் யாரோ எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்கள்.