உடுக்கைச் சிவப்பு

“தாயே, விறகுக் கொட்டகை முழுக்க விதவைச் சிலந்தி, கடிச்சா விஷம். நாலை அடிச்சுட்டேன். மிச்சத்தையும் அடிச்சுடவா?”

சங்கிலி கையில் செருப்போடு நின்றார். மலைமேல் ஆசிரமத்தில், அறுபதைத் தாண்டிய சீடர். குரு நாச்சியாருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

செருப்பைத் தூக்கவைத்தது சிலந்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் காலையிலிருந்து சங்கிலியின் தம்பி உட்கார்ந்திருந்தான். இருபது வருஷம் முன்பு, தான் செய்த அடிதடிக்கு அண்ணனைக் கைகாட்டி, மூன்று வருஷம் ஜெயிலுக்கு அனுப்பியவன். இப்போது நெஞ்சில் நோயோடு, ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தான். மதிய பஸ்ஸை விட்டால் அவனுக்கு வேறு பஸ் இல்லை. அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சங்கிலி சொல்லியனுப்பிவிட்டார்.

அடித்ததைக் காட்டச் சொன்னாள் நாச்சியார். நாலும் கூழாகிக் கிடந்தன. எது என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

“விதவைதான்னு எப்படிக் கண்டீங்க?”

“கறுப்பா, உருண்டையா இருந்தது. போதாதா?”

“அந்தப் பேரை வச்சவன் ஆம்பளையாத்தான் இருப்பான்,” என்றாள். அவள் புருஷன் செத்துப் பத்து வருஷம். சங்கிலி தரையைப் பார்த்தார்.

கொட்டகைக்குள் போனார்கள்.

ஓட்டு இடுக்குகளில் வெயில் இழை இழையாக இறங்கியது. தூசி, விழ மறந்ததுபோல் மிதந்தது. முழங்கால் உயரத்தில், விறகுகளுக்கு நடுவே, ஒழுங்கில்லாத வலைகள் மினுங்கின.

“குனிங்க அண்ணே. இதெல்லாம் மல்லாக்கத்தான் தொங்கும். வயிறு நம்ம பக்கம். எதையும் மறைக்கிறதில்ல. நிஜ விதவைன்னா வயித்துல சிவப்பா உடுக்கை இருக்கும்.”

சங்கிலி குனிந்தார்.

முதலாவதின் வயிறு வெறும் பழுப்பு. இரண்டாவது கறுப்புதான். முன்பக்கம் திருநீறு தீற்றினாற்போல ஒரு வெள்ளை வளைவு. வயிற்றில் ஒன்றுமில்லை.

“விதவை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம்மள ஒண்ணும் பண்ணாது. கரப்பானைத் தின்னுட்டுக் கிடக்கும்.”

மூன்று, நாலு, ஐந்து. இழைகளுக்குள் தானும் சின்னதாகித் தொங்குவதுபோல் இருந்தது அவருக்கு. இருபது வருஷக் கோபம் எந்தப் பக்கம் போயிற்றென்று தெரியவில்லை. கொல்லாமல் பார்ப்பது இவ்வளவு நேரம் பிடிக்குமா?

ஆறாவது, மையைப் போன்ற கறுப்பு. வயிற்றில், உடுக்கை வடிவத்தில், ரத்தச் சிவப்பு.

செருப்பு தானாக உயர்ந்தது.

“இது நிஜம்,” என்றாள் நாச்சியார். “அழகா இருக்கில்ல?”

சங்கிலி செருப்பை இறக்கினார். அழகாகத்தான் இருந்தது.

“கை வச்சு நசுக்கினாத்தான் கடிக்கும். நாலு வருஷமா நீங்க விறகெடுக்கிற குவியல்தானே இது?”

அவள் மறுகோடிக்குப் போய் ஒரு விறகை உருவி அவர் கையில் கொடுத்தாள்.

“இந்த விறகு நீளம் தள்ளி இருந்தாப் போதும்.”

சங்கிலி விறகின் இரண்டு கோடியையும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தாயே, என் தம்பி நிஜம். கடிச்சவன்.”

“ஆமா, நிஜம்தான்.”

தூரத்து வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, விறகோடு மலையிறங்கினார். பஸ் இன்னும் வந்து சேரவில்லை. புளியமரத்தடியில் தம்பி எழுந்து நின்றான். சங்கிலி விறகைத் தரையில் நீளவாக்கில் கிடத்தி, அதன் ஒரு கோடியில் உட்கார்ந்தார். மறுகோடியைக் காட்டினார்.

“அங்க உக்காருடா.”