மொச்சை வாங்கப் பார்த்த ஓடம்

காட்டாற்றின் தென்கரையில் மொச்சை என்ற முயல் இருந்தாள். வடகரையில் அவள் தங்கை துவரை இருந்தாள். இருவரும் ஒரே வளையில் பிறந்தவர்கள். போன மழைக்காலத்தில் ஆறு பெருகி வந்தபோது ஆளுக்கொரு பக்கம் ஓடித் தப்பித்தார்கள். அதன்பிறகு ஆறு சுருங்கவே இல்லை. அதை நீந்திக் கடக்க முயலால் ஆகுமா?

ஆனாலும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் துவரை அக்கரையில் நின்று பின்னங்காலால் தரையைத் தட்டுவாள். டம், டம், டம். மொச்சை இக்கரையில் காதைத் தரையோடு ஒட்டிக் கேட்பாள். பிறகு இவளும் தட்டுவாள். அதில் பெரிய சேதி எதுவும் கிடையாது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா, அவ்வளவுதான். அதைக் கேட்டால்தான் மொச்சைக்கு அன்றைக்குப் புல் தொண்டையில் இறங்கும்.

பத்து நாளாக அந்தச் சத்தம் வரவில்லை.

முதல் நாள், தூங்கிப்போயிருப்பாள் என்று மொச்சை நினைத்தாள். மூன்றாம் நாள் அவள் தட்டித் தட்டிக் கால் வீங்கிவிட்டது. பத்தாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக ஓடத்துறைக்கு ஓடினாள். தங்கையைப் பார்த்தே ஆக வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தக் காட்டில் ஓடம் என்றால் சுரைக்குடுக்கைதான். நன்றாகக் காய்ந்த பெரிய சுரைக்காயைக் குடைந்து, ஒரு பக்கம் வாய் வைத்து ஆற்றில் விடுவார்கள். துறையில் பழைய ஓடங்களை வாங்கி விற்றவன் மினுக்கன் என்ற நரி. நரி முயலைத் தின்னாதா என்று கேட்காதீர்கள். துறையில் வியாபாரம் செய்கிறவன் யாரையும் கடிக்கக் கூடாது என்பது காட்டுச் சட்டம். மினுக்கன் கடிக்காமலே விழுங்கத் தெரிந்தவன்.

“வாங்கக்கா, வாங்க. அக்கரைக்குத்தானே? உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்” என்றான்.

சிவப்பு அரக்குப் பூசிய குடுக்கை ஒன்று வெயிலில் பளபளத்தது. முகம் பார்க்கலாம் போல இருந்தது.

“இதுக்கு முன்னாடி யார் வச்சிருந்தாங்க?”

“ஒரே ஒருத்தர்தான். வயசான நத்தை. நல்ல நாள் பார்த்து வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணியில இறக்குவார். அதையும் கரையை ஒட்டியே ஓட்டுவார்.”

“இதுக்கு நான் என்ன தரணும்?”

“உங்க ரெண்டு வாசல் வளையை எனக்கு விட்டுடுங்க. போதும். அக்கரை போனப்புறம் அது உங்களுக்கு எதுக்கு?”

மொச்சையிடம் இருந்ததே அந்த வளை ஒன்றுதான். ஆனாலும் அவள் யோசிக்கவில்லை. தங்கை இல்லாத கரையில் வளை இருந்து என்ன பயன்? சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கால் முந்திக்கொண்டது. முயல் எதைக் கண்டாலும் ஒரு தட்டுத் தட்டாமல் விடாது. குடுக்கையைப் பின்னங்காலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

‘டம்’ என்று வர வேண்டிய சத்தம் ‘சொத்’ என்று வந்தது. விரிசல் விட்ட பானையைத் தட்டியது போல இருந்தது.

“என்ன இப்படிச் சத்தம் வருது?”

“நேத்து பனி பெய்ஞ்சுதுல்ல, அந்த ஈரம்” என்றான் மினுக்கன்.

மொச்சை குடுக்கையின் காம்பைப் பார்த்தாள். மூன்று புள்ளியும் ஒரு கோடும் கொத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு ஓடத்துக்கும் மரங்கொத்தி இப்படி ஓர் அடையாளம் வைக்கும். அதே அடையாளத்தை மேட்டிலுள்ள மருதமரத்திலும் கொத்தி வைக்கும். ஓடம் உடைந்து இனி தண்ணீருக்கு ஆகாது என்றால், மரத்திலுள்ள அடையாளத்தின் மேல் குறுக்கே கீறிவிடும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் மரம் அரைநாள் நடைதூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான் மினுக்கனுக்கு.

“மருதமரம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன்” என்றாள் மொச்சை.

மினுக்கனின் முகம் சுருங்கியது. “போங்க, தாராளமாப் போங்க. ஆனா மத்தியானம் கீரி வர்றான். அவன் கொண்டுபோயிட்டா என்னைக் கேட்கக் கூடாது. அங்க உங்க தங்கச்சி எப்படி இருக்காளோ, என்னவோ!”

அந்தக் கடைசிச் சொல் மொச்சையின் நெஞ்சில் போய்த் தைத்தது. ஒரு காலைத் தூக்கிக் குடுக்கைக்குள் வைத்தும்விட்டாள். எதிர்க்கரை பச்சையாகத் தெரிந்தது. தள்ளிவிட்டால் போதும், போய்விடலாம். அந்த ஆசையை அடக்கியது போல வேறு எதையும் அவள் தன் வாழ்நாளில் அடக்கியதில்லை. நடுவாற்றில் மூழ்கிப்போனால், தங்கை தட்டும்போது பதிலுக்குத் தட்ட யார் இருப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. காலை வெளியே எடுத்தாள்.

மேடு ஏறும்போது வழியெல்லாம் அழுதாள். ஒரு பொழுது வீணாகிறதே என்ற அழுகை.

மருதமரத்தில் மூன்று புள்ளி, ஒரு கோடு. அதன்மேல் குறுக்கே ஆழமான கீறல்.

“சிவப்பு அரக்குப் பூசி மினுக்கன் விக்கிற இந்த ஓடத்துக்கு என்ன ஆச்சு, அண்ணே?” என்று கிளையில் இருந்த மரங்கொத்தியைக் கேட்டாள்.

“பத்து நாளைக்கு முந்தி நடுவாத்துப் பாறையில மோதி ரெண்டா பிளந்துடுச்சும்மா” என்றது மரங்கொத்தி. “ஆமை நேத்துதான் வந்து சொல்லிட்டுப் போச்சு. வடகரையிலேருந்து ஒரு சின்ன முயல் அதுல வந்திருக்கு. அக்காவைப் பார்க்கணும்னு தனியாக் கிளம்பி வந்துதாம்.”

மொச்சை ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

“பயப்படாதே. ஆமை இழுத்துக் கரை சேர்த்துடுச்சு. இந்தப் பக்கந்தான், கீழே நாணல்காட்டுல கிடக்கு. கால் ஒடிஞ்சு, காய்ச்சல் வேற. அக்கா அக்கான்னு சொல்லுதே தவிர, எந்த அக்கா, எந்த வளைன்னு சொல்ற நிலைமையில இல்லையாம்.”

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. வந்த வழியை விட இரண்டு மடங்கு வேகமாக ஓடினாள்.

மரங்கொத்தியும் சும்மா இருக்கவில்லை. துறைக்குப் பறந்து போய், எல்லோரும் பார்க்க அந்தச் சிவப்புக் குடுக்கையை நாலு கொத்துக் கொத்தியது. அரக்கு உதிர்ந்தது. பிளவை ஒட்ட உள்ளே அடைத்திருந்த மெழுகு உதிர்ந்தது. குடுக்கை இரண்டாகப் பிளந்து விழுந்தது. அன்றிலிருந்து மினுக்கனிடம் ஒரு துடுப்பு வாங்கக்கூட ஆள் வரவில்லை.

நாணல்காட்டின் ஓரத்துக்கு மொச்சை வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எங்கே தேடுவது என்று தெரியவில்லை. வீங்கிய காலால் தரையைத் தட்டினாள். டம், டம், டம்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு நாணலுக்குள்ளிருந்து, ஒடியாத ஒற்றைக் காலால், மெதுவாக ஒரே ஒரு ‘டம்’ வந்தது.

மனம் எவ்வளவு துடித்தாலும், பிறர் கைமாற்றும் பொருளின் பழைய கதையை விசாரிக்காமல் வாங்கக் கூடாது.