நான்கு அழியும், மூன்று உருவாகும்

காலை ஒன்பதே காலுக்கு நான்கு டிஸ்க்குகள் அழிந்தன. 'சரி' என்று தட்டியவர் சூசைமாணிக்கம்.

வங்கி வேலையை விட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் சர்வர் வேலை கற்க வந்தவர். குரு பர்வீனுக்கு வயது முப்பத்தொன்று.

சாகும் தறுவாயில் இருப்பவர்களின் குரலைப் பதிந்து வைத்து, பிறகு வீட்டார் போன் செய்தால் கேட்கத் தரும் அறக்கட்டளை அது. ஊருக்கு ஒரு டிஸ்க். சிவகிரி, சாத்தூர், வாசுதேவநல்லூர், கயத்தாறு. எந்தெந்த டிஸ்க் இருக்க வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் கோப்பில் நான்கும் ஒரே பட்டியலாக, வரிசைப்படி எழுதப்பட்டிருந்தன. சிவகிரி நிலையத்தை மூடி, பதிவுகளைக் குடும்பங்களிடம் கொடுத்தாயிற்று. சூசைமாணிக்கம் பட்டியலிலிருந்து அந்த ஒரு பெயரை நீக்கினார்.

"ஸ்க்ரீன்ல என்ன வந்தது சார்?"

"நான்கு அழியும், மூன்று உருவாகும்னு வந்தது மேடம். ஒண்ணு குறையுது. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

"பேங்க் கணக்கு," என்றாள் பர்வீன். சிரிக்கவில்லை.

"பேக்கப்ல இருக்குமே?"

"அதுவும் இதே பட்டியல்லதான் இருந்தது. அதுவும் போச்சு."

"ஒரு ஊரைத்தானே எடுத்தேன். மத்த மூணும் ஏன் போகணும்?"

போன் அடித்தது. பர்வீன் ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கயத்தாறுலேர்ந்து வேலாயுதம் பேசுதேன். பிள்ள குரல் வரலியே சார். வேலைக்குப் போகுமுன்ன தினம் கேப்பேன்."

"உங்க டிஸ்க் நாலாவதா இருந்ததுங்க. இப்ப மூணாவதா..."

"நாலு, மூணெல்லாம் எனக்குத் தெரியாது சார். பொன்மலர்னு பாருங்க. 'எப்பா, ரேடியோவ அமத்து'ன்னு ஆரம்பிப்பா."

சூசைமாணிக்கம் பர்வீனைப் பார்த்தார். அவள் போனுக்குக் கை நீட்டவில்லை.

"அது இல்லீங்க. இனிமேலும் வராது. நான்தான் அழிச்சுட்டேன்."

எதிர்முனையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. போனும் நின்றது.

"பட்டியலுக்கு ஊர் தெரியாது சார்," என்றாள் பர்வீன். "முதலாவது, ரெண்டாவதுன்னுதான் தெரியும். முதல் ஆள் எழுந்தா எல்லாரும் ஒரு இடம் தள்ளி உட்காரணும். இருந்ததை அழிச்சுட்டு, அந்த இடத்துல புதுசாத்தான் உட்கார வைக்கும்."

"அப்ப எப்படி எழுதியிருக்கணும்?"

"அவர் கேட்ட மாதிரி."

அன்று மாலையே சூசைமாணிக்கம் மூன்று ஊர்களையும் பெயர்வாரியாக மாற்றி எழுதினார்.

பிறகு, 2023 பிப்ரவரி 20 அன்று சாத்தூர் நிலையமும் மூடப்பட்டது. ஸ்க்ரீனில் 'ஒன்று அழியும்' என்று மட்டும் வந்தது. கயத்தாறு டிஸ்க் அசையவில்லை. அதில் பொன்மலர் இல்லை.