இலை போடும் நேரம்

கனகசபை முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். மணி ஆகிவிட்டால் விசிலை ஊதிவிடுவார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஓடி வருகிறாளே என்று கண்டக்டர் கெஞ்சினாலும் மசியமாட்டார். அந்தக் குணத்தை அவர் பென்ஷனோடு சேர்த்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் சின்னச்சாமி மடத்துக்குப் போனார். அங்கிருந்த அடிகளுக்கு முப்பத்தெட்டு வயதுதான் இருக்கும். கனகசபையின் மூத்த மகனைவிட ஆறு வயது இளையவர். அந்த இளம் வயதால்தான் ஊரில் அவருக்குச் சின்னச்சாமி என்று பெயர். வயசுப் பிள்ளையிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊர் சிரித்தது. கனகசபை எட்டு வருஷமாக அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சாமி, ஒரு சின்னக் கேள்வி. பொங்கலன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு இலை போடணும்?"

அடிகள் சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.

கனகசபை சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் கட்டம் போட்டு எழுதியிருந்தார்.

"மூத்தவன் அருணாசலத்துக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கிட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டாகணும். பன்னெண்டரை தாண்டினா கை நடுங்க ஆரம்பிச்சிரும். சின்னவன் குமரகுரு பஸ் டிரைவர். பண்டிகைன்னா ஸ்பெஷல் வண்டி. ஒண்ணுக்கும் வருவான், மூணுக்கும் வருவான். ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காரணும் சாமி. பன்னெண்டேமுக்கால்னு வச்சா?"

"போன பொங்கலுக்கு எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

கனகசபை தாளை மடித்தார். பிறகு பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பன்னெண்டரைக்கு. சின்னவன் ஒண்ணே காலுக்கு வந்தான். நாங்க சாப்பிட்டு முடிச்சு இலையை மூடிட்டோம். நான் கை கழுவிக்கிட்டு இருந்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தேன். 'நாப்பத்தஞ்சு நிமிஷம் லேட்டு'ன்னேன்." அவர் குரல் இறங்கியது. "வேற ஒண்ணும் சொல்லலை சாமி. அவன் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். விடியக்காலைலேர்ந்து வண்டி ஓட்டின பிள்ளை. பச்சைத் தண்ணி குடிக்கலை."

அதற்குப் பிறகு குமரகுரு வீட்டுப் பக்கம் வரவில்லை. தீபாவளி வந்தது, போயிற்று. போன வாரம்தான் அண்ணிக்குப் போன் செய்திருக்கிறான். 'பொங்கலுக்கு வரேன் அண்ணி. மணி சொல்ல முடியாது. எனக்காக யாரும் காத்திருக்க வேணாம்.' அந்த ஒரு போனில் கனகசபையின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவையும் மூடிய இலையைப் பார்த்தால் அவன் மறுபடி வரமாட்டான். காத்திருந்தால் மூத்தவன் மயங்கி விழுவான்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம், வாங்க" என்றார் அடிகள்.

மடத்தில் பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். அடிகளுக்கு இந்தப் பக்கம் கனகசபை. அந்தப் பக்கம் மாரிமுத்து என்ற தச்சர். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, வாயும் கொஞ்சம் கோணியிருந்தது. இடது கையால் பிசைந்து, ஒவ்வொரு கவளத்தையும் வாய்க்குள் தள்ளி நிறுத்தி மென்றார். பாதி சோறு மடியில் விழுந்தது.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கனகசபை மோர்ச்சோற்றையும் முடித்துவிட்டார். குரு எழாமல் தான் எப்படி எழுவது? உட்கார்ந்திருந்தார். கை காய்ந்தது. பழக்கதோஷம், வாட்சைப் பார்த்தார். அடிகளின் இலையில் ஒரே ஒரு பிடி சோறு இருந்தது. அதை உருட்டினார். பரப்பினார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார். மறுபடி உருட்டினார். வாயில் மட்டும் போடவில்லை.

மாரிமுத்து கடைசிக் கவளத்தை விழுங்கிய பிறகுதான் அடிகள் தன்னுடையதை வாயில் போட்டார். இருவரும் சேர்ந்தே இலையை மூடினார்கள். தச்சரின் தோளைப் பிடித்து அடிகள் எழுப்பிவிட்டார்.

கை கழுவும் இடத்தில் கனகசபை கேட்டார். "சாமி இவ்வளவு மெதுவாவா சாப்பிடுவீங்க?"

"நான் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டேன்."

"அப்புறம்?"

"நான் எந்திரிச்சா அவரும் எந்திரிச்சிடுவாரு. பாதி வயித்தோட."

கனகசபை தலையாட்டினார். நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார். பிறகு மறுபடி தாளை எடுத்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நம்ம விஷயம் சாமி. எத்தனை மணிக்கு இலை போடட்டும்?"

"பன்னெண்டு மணிக்குப் போடுங்க. ஊசி காத்திருக்காதே."

"அப்ப சின்னவன்?"

"நீங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

கனகசபை தாளைப் பார்த்தார். அதில் அந்தக் கட்டம் மட்டும் இல்லை.

பொங்கலன்று பன்னிரண்டு மணிக்கு இலை விழுந்தது. அருணாசலமும் அவன் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அவன் மனைவி கோமதி பரிமாறினாள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கனகசபை மட்டும் எழவில்லை. அவர் இலையில் ஒரு பிடி தயிர்ச்சோறு இருந்தது.

"என்னப்பா, இன்னும் ஏதாச்சும் வேணுமா?"

"வேணாம். சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. அறுபத்துநாலு வயது முழங்கால் கெஞ்சியது. "இது என்ன கூத்துப்பா!" என்று அருணாசலம் தலையில் அடித்துக்கொண்டான். கோமதி கொஞ்ச நேரம் மாமனாரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இன்னொரு இலையைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எந்திரிக்கிற மாதிரி தெரியலை. எனக்குப் பசிக்குது மாமா."

அந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. எல்லோரும் எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். அவளுக்கு வாழைக்காய்ப் பொரியல் இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் நிழல் விழுந்தது. காக்கிச் சட்டையோடு, கையில் ஒரு மஞ்சள் கொத்தோடு குமரகுரு நின்றான். உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்பதுபோல் இருந்தது. அவன் கண் நேராக இலைக்குத்தான் போயிற்று.

"நீங்க இன்னும் சாப்பிடலையாப்பா?"

என்னென்னவோ பேசவேண்டும் என்று கனகசபை ஒரு வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தார்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். கை கழுவிட்டு வா."

கோமதி எழுந்து அவனுக்கு இலை போட்டாள். அவன் உட்கார்ந்தான். முதல் கவளத்தை எடுத்தவன், அப்பாவின் காய்ந்துபோன கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு வெகுநேரம் நிமிரவே இல்லை. கனகசபையும் பார்க்காத மாதிரி தன் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த அருணாசலம் தம்பிக்குச் சாம்பார் ஊற்றினான்.

மறுநாள் காலையில் கனகசபை நொண்டிக்கொண்டே மடத்துக்குப் போனார்.

"முழங்கால் போச்சு சாமி" என்றார். முகம் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"வந்தாரா?"

"வந்தான். ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். ராத்திரி தங்கிட்டு இப்பதான் டூட்டிக்குப் போனான்." சற்று நிறுத்தினார். "போகும்போது ஒரு கேள்வி கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. சாமியைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"என்ன கேட்டாரு?"

"'அடுத்த பொங்கலுக்கு எத்தனை மணிக்கு வரணும்ப்பா'ன்னான். என்ன சொல்லட்டும்?"

அடிகள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, உலை கொதிக்கிறதா என்று பார்த்தார்.

"பசியோட வரச் சொல்லுங்க" என்றார்.